சண்டையே இல்லையே பெரியப்பா!

போன மாதம் தம்பி மகன் வீட்டுக்கு வந்திருந்தான். கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். வந்த அன்றே, “பெரியப்பா, நீங்க வார் படமா பார்த்துத் தள்ளுவீங்கன்னு அப்பா சொன்னாரு. நல்லதா நாலு சொல்லுங்க. அமரன், 1917, டன்கர்க் எல்லாம் முடிச்சாச்சு” என்றான். எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்த வீட்டில் சினிமா பற்றி என்னிடம் யாராவது அபிப்பிராயம் கேட்டு எத்தனையோ வருடம் ஆகிறது. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் ‘டாஸ் பூட்’ போட்டேன். மூன்றரை மணி நேரப் பதிப்பு. ஒன்றரை மணி நேரம் போனதும் பையன் நெளிய ஆரம்பித்தான். கடைசியில் கேட்டே விட்டான்.

“சண்டையே இல்லையே பெரியப்பா!”

அவன் அதைக் குறையாகச் சொன்னான். எனக்கு அது ஐ.எஸ்.ஐ. முத்திரை மாதிரி காதில் விழுந்தது.

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் இருந்தார். 1971 போரில் கிழக்கு எல்லையில் இருந்தவர். நாங்கள் நாலைந்து பேர் அவர் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டு, “தாத்தா, எத்தனை பேரைச் சுட்டீங்க?” என்று நச்சரிப்போம். அவர் சப்பாத்தி மாவில் மண் விழுந்த கதையைச் சொல்வார். பூட்ஸுக்குள் தண்ணீர் புகுந்து, கழற்ற நேரமில்லாமல் கால் வெந்துபோன கதையைச் சொல்வார். ஊரிலிருந்து கடிதம் வராத கதை, வந்த கடிதத்தை இருட்டில் படிக்க முடியாமல் விடியும்வரை சட்டைக்குள் வைத்திருந்த கதை. துப்பாக்கி அவர் கதைகளில் பெரும்பாலும் தோளில்தான் தொங்கும். 1997இல் ‘பார்டர்’ வந்தபோது அவரைத் தியேட்டருக்கு அழைத்துப் போனோம். ஒரே விசில். படம் முடிந்து வெளியே வந்தவர், டீயை வாங்கிக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “சண்டைக்கு நடுவுல இவ்வளவு பேச எங்கேப்பா நேரம் கிடைச்சுது?”

அன்று முதல் அவர்தான் எனக்கு விமர்சகர். எந்தப் போர்ப் படம் பார்த்தாலும், சுபேதார் பக்கத்து சீட்டில் இருந்தால் இதை ஒத்துக்கொள்வாரா என்று யோசிக்கிறேன். போரில் பெரும்பகுதி காத்திருப்பு என்று தெரிந்த படங்கள் தேறுகின்றன. மற்றவை, எவ்வளவு செலவு செய்திருந்தாலும், தீபாவளி மாதிரிதான்.

‘டாஸ் பூட்’ 1981இல் வந்த ஜெர்மன் படம். இயக்கம் வொல்ஃப்காங் பீட்டர்சன். இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலில் நிருபராகப் போன லோதர் குந்தர் புக்ஹைம் பிற்பாடு எழுதிய நாவல்தான் மூலம். படம் தொடங்கும்போதே ஒரு கணக்கைத் திரையில் காட்டிவிடுகிறார்கள்: நீர்மூழ்கிகளில் போன ஜெர்மானியர்கள் 40,000 பேர், திரும்பாதவர்கள் 30,000 பேர். அதன் பிறகு நாற்பது சொச்சம் ஆண்கள், ஒரு இரும்புக் குழாய், அவ்வளவுதான் படம். தலைக்கு மேலே வாழைத்தார் மாதிரி சாப்பாட்டு மூட்டைகள் தொங்கும். இரண்டு கழிப்பறையில் ஒன்றில் உணவுப் பொருளை அடைத்து வைத்திருப்பார்கள். தாடி வளரும், ரொட்டியில் பூஞ்சணம் பூக்கும், எலுமிச்சம்பழம் தீரும், எதிரிக் கப்பல் மட்டும் வராது. வாரக்கணக்கில் ஒன்றும் நடக்காது. பையன் நெளிந்தது இந்த இடத்தில்தான்.

பிறகு வருகிறது. வந்தபோதும் எதிரியை நாம் பெரும்பாலும் பார்ப்பதில்லை, கேட்கிறோம். மேலே ஓடும் நாசகாரிக் கப்பல் அனுப்பும் ஒலியலை, கப்பலின் உடம்பில் ‘டிங்... டிங்...’ என்று தட்டும். யாரோ ஊசியால் தகர டப்பாவைச் சுண்டுகிற மாதிரி. உள்ளே எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பார்ப்பார்கள். கண்ணுக்குத் தெரிவது தகடும் குழாயும்தான், ஆனாலும் பார்ப்பார்கள். ஜிப்ரால்டர் பகுதியில் கப்பல் கட்டுப்பாடு இழந்து மூழ்கும்போது ஆழம் காட்டும் முள் 280 மீட்டர் வரை போகும். நீரின் அழுத்தத்தில் போல்ட்டுகள் துப்பாக்கிக் குண்டு மாதிரி பிய்த்துக்கொண்டு பறக்கும். படத்திலேயே பயங்கரமான ‘துப்பாக்கிச் சூடு’ இந்தப் போல்ட்டுகள்தான். ஒளிப்பதிவாளர் யோஸ்ட் வக்கானோ நிலைநிறுத்தும் கருவி பொருத்திய சின்னக் கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தக் குறுகிய வழியில் நடிகர்களோடு சேர்ந்து ஓடியிருக்கிறார். செட்டின் சுவரைக் கழற்றி வசதியாக நின்று எடுத்திருக்கலாம், செய்யவில்லை. அந்த நெருக்கடி நமக்கும் ஒட்டிக்கொள்வது அதனால்தான். நான் முதல் தடவை பார்த்தது மே மாதம், நடுவில் கரண்ட் கட். மின்விசிறி நின்றுபோன அறையில் இன்வெர்ட்டரில் ஓடிய அந்தப் படத்தை நான் மறக்கப்போவதில்லை.

பையன் அதிகாலை இரண்டரைக்கு முடித்தான். ஜிப்ரால்டர் வந்தபோது இரண்டு காலையும் சோபாவின் மேல் தூக்கி வைத்திருந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்ததாக நான் சொல்வதைச் சாப்பிட்ட கையோடு பார்க்கக் கூடாது. தனியாகவும் வேண்டாம். ‘கம் அண்ட் சீ’, 1985, எலெம் கிளிமோவ் இயக்கிய சோவியத் படம். பெலாரஸில் ஃப்ளியோரா என்று ஒரு பையன். மணலைத் தோண்டி ஒரு துப்பாக்கியைக் கண்டெடுக்கிறான். துப்பாக்கி இருந்தால்தான் கொரில்லாப் படையில் சேர்த்துக்கொள்வார்கள். அம்மா அழுது புரண்டும் கேட்காமல் போய்ச் சேர்கிறான். சேர்ந்தவனிடமிருந்து நல்ல பூட்ஸைப் பிடுங்கிக்கொண்டு, முகாமிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, படை கிளம்பிப் போய்விடுகிறது. சுபேதாருக்கு இந்தக் காட்சி ரொம்பப் பிடித்திருக்கும். அதன் பிறகு குண்டு விழுகிறது, பையனுக்குக் காது அடைத்துப்போகிறது, நமக்கும் அடைத்துப்போகிறது. வெகுநேரம் படத்தின் சத்தமெல்லாம் ஒரு ரீங்காரத்துக்கு அடியிலிருந்துதான் வரும். காது அடைத்த அந்த நிலையிலேயே அவன் தன் வீட்டுக்குப் போகிறான். அடுப்பில் சூப் இன்னும் சூடாக இருக்கிறது. ஆட்களைக் காணோம். ஈ மொய்க்கிற சத்தம். அவன் சாப்பிட உட்காருகிறான். இதற்கு மேல் நான் சொல்லக் கூடாது.

திரைக்கதையில் பங்குபெற்ற அலெஸ் அடமோவிச் சின்ன வயதில் உண்மையிலேயே அந்தக் காடுகளில் கொரில்லாவாக இருந்தவர். கிளிமோவ் சிறுவனாக, எரிந்துகொண்டிருந்த ஸ்டாலின்கிராட்டிலிருந்து வோல்கா நதியைக் கடந்து அம்மாவோடு தப்பித்தவர். சோவியத் தணிக்கை பல வருடங்கள் இழுத்தடித்த பிறகே படம் எடுக்க முடிந்தது. நாஜிகள் ஆட்களோடு சேர்த்துக் கொளுத்திய பெலாரஸ் கிராமங்கள் 628 என்று படத்தின் கடைசியில் வரும். அவற்றில் ஒன்றான கத்தின் கிராமத்தில், 1943 மார்ச் 22 அன்று ஒரே நாளில் 149 பேர், அதில் 75 பேர் குழந்தைகள். ஃப்ளியோராவாக நடித்த அலெக்ஸி கிராவ்செங்கோவுக்கு அப்போது பதினான்கு, பதினைந்து வயதுதான். படத்தின் முதல் காட்சியில் இருக்கும் அந்த முகத்தையும் கடைசியில் இருக்கும் முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிளிமோவ் இதற்குப் பிறகு வேறு படமே எடுக்கவில்லை.

கார்ட்டூன்தானே என்று நினைத்து ‘கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃப்ளைஸ்’ படத்தைக் குழந்தைகளோடு போட்டுவிடாதீர்கள். நான் செய்த தப்பு அது. மனைவி பாதியில் எழுந்து போய், “ஞாயித்துக்கிழமையாவது மனுஷியை நிம்மதியா இருக்க விடுறீங்களா?” என்று சமையல்கட்டிலிருந்து கத்தினாள். 1988, ஜிப்ளி ஸ்டுடியோ, இசாவோ தகாஹாட்டா. 1945இல் கோபே நகரம் எரிந்த பிறகு ஒரு அண்ணனும் குட்டித் தங்கையும் பசியோடு நாள் கடத்துகிற கதை. மூலக்கதையை எழுதிய அகியுகி நோசாகா அந்தப் போரில் தன் தங்கையைப் பட்டினியில் இழந்தவர். தகாஹாட்டாவும் ஒன்பது வயதில் குண்டு வீச்சில் சிக்கிப் பிழைத்தவர். கதையில் ஒரு மிட்டாய் டப்பா வரும். மிட்டாய் தீர்ந்ததும் தண்ணீர் ஊற்றிக் குலுக்கித் தங்கைக்குக் குடிக்கக் கொடுப்பான். அந்த மிட்டாயைச் செய்த சகுமா கம்பெனி 2023 ஜனவரியில் கடையை மூடியது. மிட்டாய்க் கம்பெனி மூடிய செய்தியைப் படித்துக் கண் கலங்கியவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான் என்று நினைத்தேன். ஏகப்பட்ட பேர் இருக்கிறார்கள். படம் ஜப்பானில் வெளியானபோது ‘மை நெய்பர் டொடோரோ’வோடு சேர்த்து ஒரே டிக்கெட்டில் காட்டினார்களாம். அந்தத் தியேட்டர்காரர்களை நினைத்தால் இன்றும் எனக்கு ஆச்சரியம்தான்.

‘டன்கர்க்’ பையன் பார்த்துவிட்டான், அதனால் அதிகம் பேசவில்லை. கடற்கரையில் வரிசையில் நின்று கப்பலுக்குக் காத்திருப்பதுதான் படம் என்பதால் எனக்குப் பிடிக்கும். 1940இல் அங்கே பிரிட்டிஷ் இந்தியப் படையின் கோவேறு கழுதைப் பிரிவினரும் இருந்தார்கள். நோலன் கேமராவில் ஒரு கழுதைகூட விழவில்லை.

இந்தப் பதிவில் ஒரே ஒரு படத்தைத்தான் பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இதுவாகத்தான் இருக்கும்: ‘புரஹந்த களுவர’. சிங்களப் படம், 1997, இயக்கம் பிரசன்ன விதானகே. ஒன்றேகால் மணி நேரம்தான். வறட்சியில் வெடித்துக் கிடக்கிற ஒரு கிராமம். வன்னிஹாமி என்ற கண் தெரியாத கிழவர். மகன் ராணுவத்தில் இருக்கிறான். ஒரு நாள் சீல் வைத்த சவப்பெட்டி வீட்டுக்கு வருகிறது, திறக்கக் கூடாது என்ற உத்தரவோடு. ஊர் அழுகிறது, அடக்கம் செய்கிறது. கிழவர் மட்டும் மகன் செத்துவிட்டான் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார். நஷ்டஈடு வரவேண்டுமென்றால் அவர் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருக்கிறது, கடன் இருக்கிறது, பாதியில் நிற்கிற சுவர் இருக்கிறது. கிராம அதிகாரி நடையாய் நடக்கிறார். கிழவர் கையெழுத்துப் போடவில்லை. பெட்டிக்குள் என்ன இருந்தது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

படம் முழுக்க ஒரு துப்பாக்கி வெடிக்காது. போர் எங்கோ வடக்கே நடக்கிறது. இங்கே வருவது அதன் தபால் மட்டும்தான். ஜோ அபேவிக்ரம கிழவராக நடித்திருக்கிறார். நடித்திருக்கிறார் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. கைத்தடியை ஊன்றி அவர் நடக்கும் நடையில் கண் தெரியாதவரின் தயக்கம் இருக்காது, தன் ஊர் மண்ணைக் காலாலேயே படித்துவிட்டவரின் நிதானம் இருக்கும். 2000இல் இலங்கை அரசு இந்தப் படத்தை வெளியிட விடாமல் தடுத்தது. இயக்குநர் நீதிமன்றம் போன பிறகு, அடுத்த வருடம்தான் படம் திரைக்கு வந்தது. ராணுவத்தைக் குறை சொல்லும் வசனம் ஒன்றுகூட இல்லாத படத்துக்குத் தடை. பயந்தது வசனத்துக்கு இல்லை, அந்தப் பெட்டிக்கு. அந்தப் போரைப் பற்றித் தமிழில் வந்த படங்களில் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ எனக்குப் பிடிக்கும், ஆனால் பாட்டு வரும்போதெல்லாம் சுபேதார் பக்கத்து சீட்டில் கனைத்துக்கொண்டே இருப்பார்.

என் அளவுகோலுக்கு அடங்காத ஒரு படத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மனசு கேட்காது. ‘த பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்’, 1966, கில்லோ பொன்டெகோர்வோ. காத்திருப்பு குறைவு, குண்டு வெடிப்பு ஏராளம். பிரெஞ்சு ஆட்சிக்கு எதிராக அல்ஜியர்ஸ் நகரில் சண்டை போட்ட சாதி யாசெஃப் தன்னைப் போன்ற பாத்திரத்தில் தானே நடித்து, தயாரிப்பிலும் பங்கெடுத்தார். செய்திப்படத் துண்டு எதுவும் சேர்க்கவில்லை, எல்லாம் எடுத்ததுதான் என்றால் நம்ப முடியாது. மூன்று பெண்கள் பைகளில் குண்டு கொண்டுபோய் காபிக் கடை போன்ற இடங்களில் வைக்கிறார்கள். வைப்பதற்கு முன் அங்கே ஐஸ்கிரீம் சாப்பிடுகிற குழந்தையின் முகத்தைக் கேமரா நமக்குக் காட்டிவிடுகிறது. யார் பக்கம் சாய்வது என்று தவிக்கிற அந்த இரண்டு நிமிடத்துக்காக என் அளவுகோலை நான் வளைத்துக்கொள்கிறேன். பிரான்ஸ் இதைப் பல வருடம் தடை செய்து வைத்திருந்தது. 2003இல் அமெரிக்க ராணுவத் தலைமையகத்தில் அதிகாரிகளுக்கு இதையே போட்டுக் காட்டினார்கள்.

ஆவணப்படங்களுக்கு வருகிறேன். இங்கே சுபேதாரின் ஆட்கள் நிறைய.

பீட்டர் ஜாக்சன் 2018இல் எடுத்த ‘தே ஷல் நாட் க்ரோ ஓல்ட்’ முதல் உலகப் போரின் பழைய கறுப்பு வெள்ளைச் சுருள்களுக்கு வண்ணம் தீட்டி, கையால் சுற்றிய கேமராக்களின் வேகத்தைச் சீர்செய்து, உதட்டசைவைப் படிக்கத் தெரிந்தவர்களை வைத்துப் பேச்சும் சேர்த்த படம். வண்ணம் எனக்கு உறுத்தியது, இறந்தவர்களுக்குப் பவுடர் பூசிய மாதிரி. ஆனால் பின்னணியில் கேட்கும் முதிய சிப்பாய்களின் குரல்கள் அசல். அவர்கள் பேசுவது பேன், எலி, வரிசையாக ஒரே கட்டையில் உட்கார்ந்து மலம் கழித்தது, இயந்திரத் துப்பாக்கியைக் குளிர்விக்கும் தண்ணீர் கொதித்ததும் அதில் டீ போட்டது. சப்பாத்தி மாவில் மண் விழுந்த கதைதான், வேறு மொழியில்.

நேரம் இருப்பவர்கள் ‘த வேர்ல்ட் அட் வார்’ தொடரைப் பார்க்கலாம். 1973இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சிக்காக எடுத்தது, 26 பகுதிகள், லாரன்ஸ் ஒலிவியே குரல். போர் முடிந்து முப்பது வருடம்கூட ஆகாத நேரம் என்பதால் முடிவெடுத்தவர்களே உயிரோடு வந்து உட்கார்ந்து பேசுகிறார்கள். ஹிட்லரின் அமைச்சர் ஆல்பர்ட் ஷ்பியர் பேசுகிறார், செயலாளர் ட்ராடல் யுங்க பேசுகிறார். இனி யாரும் அப்படி ஒன்றை எடுக்க முடியாது.

மேலிருந்து போரைப் பார்த்தவர் எப்படி இருப்பார் என்று தெரிய வேண்டுமானால் ‘த ஃபாக் ஆஃப் வார்’. 2003, எரோல் மோரிஸ். வியட்நாம் போரின்போது அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சராக இருந்த ராபர்ட் மக்னமாரா எண்பத்தைந்து வயதில் கேமராவை, அதாவது நம்மை, நேராகப் பார்த்துப் பேசுகிறார். அவர் அடிப்படையில் கணக்கு வாத்தியார் மாதிரி. ஜப்பான் மீது குண்டு வீசிய நாட்களில் அவர் வேலையே விமானங்களின் ‘திறனை’க் கூட்டுவதற்குக் கணக்குப் போடுவது. 1945 மார்ச்சில் ஒரே ராத்திரியில் டோக்கியோவில் ஒரு லட்சம் பேர் எரிந்ததைச் சொல்லிவிட்டு, எரிந்த ஜப்பானிய நகரங்களை ஒவ்வொன்றாக, சதவீதத்தோடு, அதே அளவுள்ள அமெரிக்க நகரத்தின் பெயரோடு அடுக்குவார்கள். திரையில் விமானத்திலிருந்து குண்டுகளுக்குப் பதிலாக எண்கள் கொட்டும். நாங்கள் தோற்றிருந்தால் எங்களைப் போர்க் குற்றவாளிகளாக விசாரித்திருப்பார்கள் என்று அவரே ஒத்துக்கொள்கிறார். ஆனால் வியட்நாம் பற்றி நேரடியாகக் கேட்டால் நழுவுகிறார். ஒப்புக்கொள்வதற்கும் நழுவுவதற்கும் நடுவில் அந்தக் கிழட்டுக் கண்களில் நீர் கோத்துக்கொள்ளும். அவர் மேல் இரக்கம் வந்ததற்காக எனக்கு என் மேலேயே கோபம் வந்தது.

‘த பிரிட்ஜ் ஆன் த ரிவர் க்வாய்’ படத்தை இந்தப் பட்டியலில் சேர்ப்பதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். 1957, டேவிட் லீன், ஏழு ஆஸ்கார். கதை நடப்பது சயாம், எடுத்தது இலங்கையில், கித்துல்கலவில் களனி கங்கைக் கரையில். அலெக் கின்னஸ் நடிப்பு அபாரம், மறுக்க முடியாது. ஆனால் படத்தில் கைதிகள் பாலம் கட்டுவது எந்த ரயில் பாதைக்காகவோ, அது உண்மையில் 415 கிலோமீட்டர். ஜப்பானியர்கள் அதைப் போடவைத்ததில் நேச நாட்டுக் கைதிகள் 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து பிடித்துப்போன தமிழர்களும், பர்மியரும், ஜாவாக்காரர்களும் செத்ததை யாரும் ஒழுங்காக எண்ணவே இல்லை. சுமார் 90,000 இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் கைதிகளுக்கு ஏறக்குறைய 7,000 கல்லறைகள், புல் வெட்டி, பெயர் பொறித்து, அழகாக இருக்கின்றன. தோட்டத்து ஆட்களுக்குப் பெயர்க்கல் கிடையாது. படத்திலும் அவர்கள் இல்லை. சீட்டியடித்துக்கொண்டு அணிவகுத்து வருகிற வெள்ளைக்காரர்களை மட்டுமே பார்த்து வளர்ந்த நான், மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவலைப் படித்த பிறகுதான் அந்தச் சீட்டிக்குப் பின்னால் எந்த மொழி கேட்டிருக்கும் என்று யோசித்தேன். பிழைத்து வந்த முதியவர்களைப் பேச வைத்து இதைப் பற்றித் தமிழில் ஆவணப்படமும் வந்திருக்கிறது. லீன் படத்தைப் பாருங்கள், அடுத்த நாளே இதைத் தேடிப் பாருங்கள். வரிசையை மாற்றிவிட வேண்டாம்.

பையன் ஊருக்குப் போய்விட்டான். ‘கம் அண்ட் சீ’ பார்த்துவிட்டு மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் போன் பண்ணி, “அடுத்தது என்ன பெரியப்பா?” என்றான். ‘ஷோவா’ என்றேன். க்ளோட் லான்ஸ்மன் பதினோரு வருடம் எடுத்து 1985இல் வெளியிட்ட ஆவணப்படம். யூதப் படுகொலையைப் பற்றியது, ஆனால் ஒரு பிணத்தின் படம்கூட இருக்காது, பழைய சுருள் ஒரு அடிகூட இருக்காது. ட்ரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு ரயில் ஓட்டிப் போன டிரைவர் பேசுவார். அங்கே விஷவாயு அறைக்குள் போகும் பெண்களுக்கு முடி வெட்ட வைக்கப்பட்ட ஆப்ரஹாம் போம்பா, டெல் அவிவில் ஒரு முடிதிருத்தும் கடையில் ஒருவருக்கு முடி வெட்டிக்கொண்டே பேசுவார். நடுவில் பேச்சு நின்றுவிடும். கத்தரிக்கோல் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். லான்ஸ்மன் காத்திருப்பார், கேமராவும் காத்திருக்கும், வெட்டிக்கொண்டு வேறு காட்சிக்கு ஓடாது. அவனிடம் இதையெல்லாம் சொன்னேன்.

“எவ்வளவு நேரம் பெரியப்பா?”

“ஒன்பதரை மணி நேரம். நாலு நாளாப் பிரிச்சுப் பாரு.”

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. செமஸ்டர் முடியட்டும் என்றான். சண்டை இருக்கா என்று இந்தத் தடவை கேட்கவில்லை.